நடுக் குழு என்பது எந்தக் குழு?

பந்தயத் தடத்தில் பைக் ஓட்டிப் பழகுவதற்கான நாளே டிராக் டே. அதை நடத்தும் ஓர் அமைப்பில் நடுநிலைக் குழுவில் ஓட்டிப் பழகியிருந்த நான், வேறோர் அமைப்பின் படிவத்திலும் யோசிக்காமல் அதையே குறித்துக் கொடுத்தேன். முதல் 10 நிமிடங்களுக்குள் ஒரே வளைவில் என் உட்புறமாக இரண்டு பைக்குகள் நுழைந்து சென்றபோதுதான், பெயர் ஒன்றாக இருப்பதால் குழுவும் ஒன்றாகிவிடாது என்பது உறைத்தது.

தொடக்கநிலை, நடுநிலை, மேல்நிலை என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் மணிக்கு 20 நிமிடம் தடத்தில் விடுவது பரவலான வழக்கம். அதில் ஒப்பிடுவதற்கு அதிகம் இல்லை. உண்மையான வேறுபாடு முந்தும் விதியில் இருக்கிறது. கண்டிப்பான அமைப்புகளில் தொடக்கநிலையினர் நேர்பாதையில் மட்டுமே முந்தலாம். நடுநிலையினர் வளைவில் முந்துவதானால் 6 அடி இடைவெளி விட்டு வெளிப்புறமாகத்தான் செல்ல வேண்டும். மேல்நிலையினருக்கே உட்புறம் திறந்திருக்கும். சாய்ந்து ஓட்டுபவரின் பார்வை வளைவின் உள்விளிம்பை நோக்கியே இருக்கும். அங்கே திடீரென்று ஒரு சக்கரம் தோன்றினால் கை தன்னையறியாமல் பிரேக்கைப் பிடிக்கும், பைக் நிமிரும், நிமிர்ந்த பைக் தடத்தின் வெளிவிளிம்பை நோக்கி ஓடும். விதியின் காரணம் இதுதான். தளர்வான அமைப்புகளோ, முன்னால் செல்பவரைப் பதறவைக்காமல் முந்துங்கள் என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொள்கின்றன.

அடுத்தது, யாரை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பது. ஓட்டுநரே தன் தகுதியைச் சொல்லிக்கொள்ளும் முறையில், நம்மில் பலர் நம்மை ஒரு படி உயர்த்தியே மதிப்பிடுகிறோம். நானே அதற்குச் சான்று. ஒரே வளைவில் ஒருவர் 110 கிலோமீட்டர் வேகத்திலும் இன்னொருவர் 150 கிலோமீட்டர் வேகத்திலும் சென்றால், பின்னால் வருபவர் நொடிக்கு 11 மீட்டர் நெருங்குகிறார். சுற்று நேரத்தை வைத்துப் பிரிப்பது இந்த இடைவெளியைக் குறைக்கும் என்றாலும் முழுத் தீர்வாகாது. நேர்பாதையில் பறந்து வளைவில் தயங்கும் 1000 சிசி ஓட்டுநரும், நேர்பாதையில் பின்தங்கி வளைவில் விரையும் 300 சிசி ஓட்டுநரும் ஒரே சுற்று நேரத்தைக் காட்டக்கூடும். அவர்கள் நாள் முழுவதும் ஒருவருக்கொருவர் முட்டுக்கட்டையாகவே இருப்பார்கள்.

ஆகவே, கண்ட்ரோல் ரைடர்கள், அதாவது கூடவே ஓட்டிக் கண்காணிக்கும் அமைப்பின் ஆட்கள், தடத்திலேயே கவனித்து ஓட்டுநர்களை மேலும் கீழும் மாற்றும் அமைப்புகளையே நான் நம்புகிறேன். எத்தனை பேரை ஒன்றாக விடுகிறார்கள் என்பதையும் கேட்கிறேன்: 4 கிலோமீட்டர் தடத்தில் 40 பைக்குகள் என்றால் சராசரியாக ஒருவருக்கு 100 மீட்டர்தான். பைக் பரிசோதனையில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்குப் பதிலாக வெறும் தண்ணீர் வேண்டும் என்று வற்புறுத்துகிறார்களா என்பதையும் பார்ப்பேன். கிளைகால் என்ற வேதிப்பொருள் கலந்த கூலன்ட் தடத்தில் சிந்தினால் எளிதில் காயாது, வழுக்கும்.

அன்று மதிய இடைவேளையில் என்னைத் தொடக்கநிலைக்கு மாற்றும்படி கேட்டேன். மேசையில் இருந்தவர் காரணம் எதுவும் கேட்காமல் பழைய ஸ்டிக்கரை உரித்துவிட்டு வேறு நிறத்தில் ஒன்றை ஒட்டினார். பிற்பகலில் என் சுற்று நேரம் காலையைவிட 3 நொடி குறைந்திருந்தது.