ஸ்போக்கன் கிளாஸ் மட்டும் போதுமா?

டெல்லில எம்.ஏ. சேர்ற நம்மூரு பிள்ளைங்க நெறைய பேரு இங்கிலீஷ்னா சரளமா பேசுறதுதான்னு நெனச்சு ஸ்போக்கன் கிளாஸ்ல காச கொட்டுறாங்க, ஆனா யுனிவர்சிட்டில மார்க்க காலி பண்றது எழுத்துதான். அடிச்சு சொல்லாம ஆதாரம் தாங்குற அளவுக்கு மட்டும் சொல்றது, அடுத்தவங்க கருத்த சொந்த வாக்கியத்துல எழுதி அவங்க பேரையும் போடுறது, இதெல்லாம் பேசிப் பேசி வராது.

மொழியியல் ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000ல வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட்ல 570 சொற்குடும்பம் (ஒரு மூல வார்த்தையும் அதுலேர்ந்து வர்ற வார்த்தைகளும் சேர்ந்தது) இருக்கு, கல்வி எழுத்துல வர்ற வார்த்தைகள்ல ஏறக்குறைய 10 சதவீதம் அதுலேர்ந்துதான் (தயவுசெஞ்சு மனப்பாடம் பண்ணாதீங்கப்பா). அதுக்குப் பதிலா எழுதிப் பழகுங்க: டெல்லி முனிர்கா ஏரியாவுல நம்ம பக்கத்து ரூம் தம்பி ஜர்னல் கட்டுரைல ஒரு பத்திய படிச்சுட்டு, மூடி வெச்சு, தானா எழுதி, அப்புறம் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாப்பான். இப்போ அவன் டெர்ம் பேப்பர்ல செகப்பு மை கொறஞ்சிருக்கு, செலவு ஒரு நோட்டுதான்.