ஏஜெண்டு வாசிக்கப்போற டாக்: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 3, 2025

புது வேல இன்னைக்குத்தான் கைக்கு வந்தது, ஒரு டூலுக்கு டாக், அதான் விளக்கக் குறிப்பு, எழுதணும். ஃபைலுக்கு ஷேர் லிங்க் போட்டுக் குடுக்குற ஒரு டூல், ஆனா அத கூப்பிடப்போறது மனுஷன் இல்ல, ஏஐ ஏஜெண்டு. ஏஜெண்டு ஒரு ரிப்போர்ட்ட முடிச்சதும் டூல்கிட்ட ஃபைல குடுக்கும், டூல் ஏத்தி வச்சிட்டு லிங்க் திருப்பித் தரும், அத ஏஜெண்டு வேண்டிய ஆளுக்கு அனுப்பும். எம்சிபி வழியா ஓடுது, ஏஐ மாடலையும் வெளிய உள்ள டூலையும் இணைக்கிறதுக்கான பொது முறை அது, 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் கம்பெனி வெளியிட்டது. அதுல ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பேரு, ஒரு விவரணை, என்னென்ன உள்ள குடுக்கணும்ங்கிற ஸ்கீமா இருக்கும். மாடல் அந்த விவரணைய வாசிச்சுத்தான் கூப்பிடணுமா வேண்டாமான்னே முடிவு பண்ணும்.

டெவலப்பர் தம்பி எழுதி வச்சிருந்தது ஒத்த வரி. "ஃபைலுக்கு லிங்க் உருவாக்கும்." அவன் நல்ல பையன், கோடு சுத்தமா இருக்கு. ஆனா இந்த ஒத்த வரிய வச்சு ஏஜெண்டு என்னத்த புரிஞ்சுக்கும்? ஆபீஸ்ல ஒருத்தர் டாக் வாசிச்சுட்டு புரியலன்னா போன் போட்டுக் கேப்பாரு. இது கேக்காது, அதுக்கு தோணுனத வச்சு நெரப்பிட்டு போயிட்டே இருக்கும்.

ஜூன் 4

டெஸ்டுக்கு வீட்டுல இருந்த ஒரு பிடிஎஃப எடுத்தேன், அம்மைக்க ஸ்கேன் ரிப்போர்ட். "அண்ணனுக்கு அனுப்ப ஒரு லிங்க் போடு"ன்னு ஏஜெண்டுகிட்ட சொன்னேன், ரெண்டு செகண்டுல லிங்க் வந்துட்டு. எப்பம் காலாவதி ஆகும்னு பாத்தா ஒண்ணுமே இல்ல. அந்த இடத்த காலியா விட்டா "எப்பவும் திறந்திருக்கும்"னு அர்த்தமாம், டாக்ல அது எங்கயும் இல்ல. அண்ணன் அத சொந்தக்காரங்க குரூப்புல போட்டிருந்தா பத்து வருஷம் கழிச்சும் அம்மைக்க வயித்துப் படம் யாரும் பாக்கலாம். ஒடனே அழிச்சேன், கை நடுங்கிட்டு.

லிங்க்ல இருக்குற ரேண்டம் எழுத்துக்கள யாரும் ஊகிச்சு கண்டுபிடிக்க முடியாதுங்கிறது உண்மைதான், யூயூஐடின்னு சொல்லுற ரேண்டம் அடையாள எண் (நாலாம் வகை) மாதிரி ஒண்ணுன்னா 122 பிட் ரேண்டம். ஆனா லிங்க் வெளிய போறது ஊகிச்சு இல்ல, ஃபார்வர்டு பண்ணித்தான். அதனால விவரணையில மொத வரியாவே எழுதிட்டேன்: "இந்த லிங்க் யார் கையில இருக்கோ அவங்க ஃபைல திறக்கலாம், லாகின் கேக்காது. மருத்துவம், பேங்க், அடையாள அட்டைன்னா அனுப்புறதுக்கு முந்தி பயனர்கிட்ட கேளு."

காலாவதிய கட்டாயம் குடுக்கணும்னு மாத்தச் சொன்னேன், தம்பி மாத்திட்டான். சாயங்காலம் ஏஜெண்டு 7ன்னு குடுத்துது, அது நெனச்சது 7 நாள், டூல் எடுத்தது 7 செகண்டு. லிங்க் பொறக்கும்போதே செத்துப் போச்சு. அமேசான் எஸ்3ங்கிற ஃபைல் சேமிப்பு சேவையில கையெழுத்து போட்ட லிங்க்குக்கு உச்சபட்சம் 7 நாள், அத 604800 செகண்டுன்னுதான் எழுதணும், அந்தப் பழக்கத்துல தம்பியும் செகண்டு வச்சிருக்கான். இப்பம் கணக்க மணிநேரமா மாத்தி, காலாவதி குடுக்குற எடத்துக்க பேருலயே "மணிநேரம்"னு சேத்தாச்சு.

ஜூன் 7

விடியக்காலம் நாலே முக்காலுக்கு அத்தான் போன். தோவாளை பூச்சந்தையில ஒரு கடைக்கு கணக்கு பாக்குறாரு, அன்னன்னைக்கு பிச்சி, மல்லி, அரளி வெலைய ஏஜெண்டு பட்டியலா போட்டு கடைக்காரங்களுக்கு லிங்க் அனுப்புற மாதிரி செஞ்சு குடுத்திருந்தேன். "மக்கா, தொறந்தா ஏற்கனவே பாத்தாச்சுன்னு காட்டுது, நான் இன்னும் பாக்கவே இல்லியே"ன்னாரு. பின்னால ஏலச் சத்தம் கேக்குது, அவருக்கு அவசரம். நான் வெலைய வாயால வாசிச்சுக் காட்டுனேன்.

பெறவு டூல் செஞ்சதெல்லாம் பதிஞ்சிருக்குற லாக எடுத்துப் பாத்தா வெளங்கிட்டு. ஏஜெண்டு "ஒருமுறை மட்டும்" லிங்க் போட்டிருக்கு. சாட்ல லிங்க் விழுந்த ஒடனே அந்த ஆப்புக்க சர்வர் முன்னோட்டப் படம் காட்டுறதுக்காக தானா போயி லிங்க்க தொறந்திருக்கு, அந்த ஒருமுறை அதோட தீந்துட்டு. அத்தான் விரல் படுறதுக்கு முந்தியே.

இத டாக்ல எச்சரிக்கையா எழுதிட்டுப் போகலாம்னு தம்பி சொன்னான், நான் ஒத்துக்கல. சும்மா பாக்கவரும் கெட் ரிக்வெஸ்ட் எதையும் மாத்தக் கூடாதுங்கிறது வெப் பக்கங்கள் வந்துபோற முறையான எச்டிடிபியில ஆரம்பத்துலேர்ந்தே உள்ள ஒழுங்கு. டூல்ல உள்ள ஓட்டைய டாக்க வச்சு அடைக்கச் சொன்னா நான் எழுத மாட்டேன்னு நேரடியாவே சொல்லிட்டேன். லிங்க்க தொறந்தா ஒரு பக்கம், அதுல ஒரு பட்டன், பட்டன அமுக்குனா போஸ்ட் ரிக்வெஸ்ட், அதாவது எதையாச்சும் மாத்தலாம்ங்கிற வகை, போகும், அப்பம்தான் எண்ணணும். ராத்திரி செஞ்சு அனுப்பிட்டான்.

ஜூன் 9

இன்னைக்குள்ளது நான் எங்கயும் வாசிக்காதது, அதனால வெவரமா எழுதி வைக்கேன். ஏஜெண்ட தமிழ்ல பதில் சொல்ல வச்சா சில லிங்க் மட்டும் 404, அதாவது "அப்பிடி ஒரு பக்கம் இல்ல"ன்னு வருது, இங்கிலீஷ்ல சொன்னா வரல. மத்தியானம் சோறு கூட திங்காம பாத்துட்டே இருந்தேன். கடைசியில செய்திய பெருசாக்கி எழுத்து எழுத்தா பாத்தா, லிங்க்குக்க கடைசி எழுத்தோட ஒட்டி ஒரு "ஐ". "இந்த லிங்க்கை திறங்க"ன்னு நாம பேசுற மாதிரியே ஏஜெண்டு முகவரிக்கு வேற்றுமை உருபு சேத்திருக்கு! என் போன்ல உள்ள ஆப் அந்த "ஐ"யையும் நீல நெறத்துல சேத்துக் காட்டுது, அமுக்குனா டோக்கன், அதான் லிங்க்ல உள்ள அந்த ரேண்டம் எழுத்துக்கள், தப்பாகுது. இங்கிலீஷ்ல ஒரு எடவெளி விட்டுத்தான் அடுத்த வார்த்தை வரும், நமக்கு அப்பிடி இல்ல, ஒட்டுறதுதான் மொழி. மலையாளத்துக்கும் இதே கததான் இருக்கும், களியக்காவிளை தாண்டி ஒருத்தருக்கு அனுப்புனாலும் ஒடையும்.

ஃபைல் பேரும் சேந்து வதைக்குது. "தோவாளை"ன்னு பேரு வச்சா கணினி கணக்குல 6 குறி, எழுத்த கணினியில சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொண்ணும் 3 பைட், முகவரியில ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தா விரியும். மொத்தம் 54 எழுத்து. அவ்வளவு நீளத்த மாடல் திருப்பி எழுதும்போது ஒரு எழுத்து மாறுனா போதும். அதனால முகவரியில பேரே வேண்டாம், டோக்கன் மட்டும் போதும், தமிழ் பேர டவுன்லோடு ஆகும்போது காட்டலாம்னு முடிவாச்சு. தமிழ்ல பேரு வைக்காதீங்கன்னு மட்டும் நான் டாக்ல எழுதவே மாட்டேன்.

விவரணையில சேத்தது: "லிங்க்க தனி வரியில, முன்னும் பின்னும் ஒண்ணும் ஒட்டாம எழுது. முற்றுப்புள்ளியும் வேண்டாம்." ஒரு உதாரணமும் குடுத்தேன்.

ஜூன் 12

காலையிலேர்ந்து மழை, ரெண்டு வாட்டி கரண்டு போச்சு. பிழைச் செய்திகள் மட்டும் எழுதுனேன். காலாவதி ஆனதுக்கு 404 வேண்டாம், 410 ("இருந்துது, இப்பம் இல்ல"), கூடவே "திரும்ப முயற்சி பண்ணாத, புது லிங்க் போடு"ன்னு ஒரு வரி. இல்லன்னா ஏஜெண்டு அதையே திரும்பத் திரும்ப தட்டிட்டு கெடக்கும். நேரமும் தலவலி: டூல் உலகப் பொது நேரமான யுடிசியில சொல்லுது, "ராத்திரி 12 வரைக்கும்"னு ஏஜெண்டு அப்பிடியே சொல்லிட்டு, நமக்கு அது விடியக்காலம் அஞ்சரை.

ஜூன் 14

தம்பியோட ஒத்த வரி இப்பம் பதினோரு வரி. நீளம்னு ஒரு ஆளு சொன்னாரு, எந்த வரிய எடுக்கணும்னு கேட்டேன், ஒவ்வொண்ணா படிச்சுட்டு சரி இருக்கட்டும்னாரு.

நாலரைக்கு அலாரம் வச்சு எந்திச்சு போன கையில வச்சிட்டே இருந்தேன். நாலு அம்பதுக்கு அத்தான்கிட்டேர்ந்து செய்தி: "தொறந்துட்டு மக்கா. பிச்சி வெல ஏறிட்டு பாத்தியா."