மார்சேயில் காற்றைக் கேட்டுத்தான் எதுவும்

பிரான்சின் தென்கரை ஊரான மார்சேய் என்றால் வெயில், கடல், மீன் சூப் என்றுதான் புதுச்சேரியில் சொல்லி அனுப்பினார்கள். காற்றைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. இங்கே மிஸ்த்ரால் அடிக்கும் நாளில் துணிக்கு மூன்று கிளிப் போட்டாலும் பத்தாது. ஜன்னலின் மரக்கதவைக் கொக்கி மாட்டாமல் விட்டால் ராத்திரி முழுக்கச் சுவரில் அடித்துக்கொண்டே இருக்கும். காலையில் கீழ்வீட்டு அம்மா முகம்கொடுத்துப் பேசமாட்டார்.

வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்று இது. பிஸ்கே விரிகுடாப் பக்கம் காற்றழுத்தம் கூடி, இத்தாலியின் ஜெனோவாப் பக்கம் குறைந்தால், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நெருக்கியடித்துக்கொண்டு தெற்கே பாயும். மணிக்கு 100 கி.மீ. தாண்டுவதும் உண்டு. வானமோ துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும். அதை நம்பி மெல்லிய சட்டையோடு இறங்கினால் தொலைந்தோம். கோடையில் இன்னொரு கூத்து: கரையோரத்து வெதுவெதுப்பான மேல்நீரைக் காற்று நடுக்கடல் பக்கம் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறிவரும். நேற்று சுகமாகக் குளித்த கடலில் இன்று கால் வைக்க முடியாது. மழை கோடையில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். இலையுதிர் காலத்தில் வந்தால் கொட்டித் தீர்த்துவிடும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் ஐப்பசிதான்.

பழைய துறைமுகம் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதும் இந்தக் காற்றில் அடிபட்டபிறகுதான் புரிந்தது. கி.மு. 600 வாக்கில் ஆசியா மைனரின் (இன்றைய துருக்கி) ஃபொக்கையா நகரத்துக் கிரேக்கர்கள் வந்து மசாலியா என்ற பெயரில் இந்த ஊரை அமைத்தார்கள். நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் குடா, வடகரையில் மிஸ்த்ராலை மறிக்கச் சிறு குன்றுகள். கப்பல்காரனுக்கு வேறென்ன வேண்டும்? லெ பனியே என்ற பழைய பேட்டை இன்றும் அந்தக் குன்றுகள்மேல்தான் இருக்கிறது.

1967இல் வணிக வளாகம் கட்டத் தோண்டியபோது கிரேக்கர் காலக் கோட்டைச் சுவரும், மண் தூர்ந்துபோன ரோமானியத் துறைமுகக் கரையும் வெளிவந்தன. பக்கத்திலேயே வரலாற்று அருங்காட்சியகம். அங்கே கி.மு. 6ஆம் நூற்றாண்டுப் படகொன்றின் மிச்சம் இருக்கிறது. பலகைகளை இரும்பாணி அடித்து இணைக்கவில்லை, நூல் கோத்துத் தைத்திருக்கிறார்கள். எனக்குக் கை பரபரத்தது. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தானே ஒரு காலத்தில் சென்னையிலும் புதுச்சேரியிலும் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன! கி.மு. 49இல் சீசரின் படை முற்றுகையிட்டு இந்த ஊரைப் பணியவைத்த கதையும் அங்கே உண்டு; நான் படகை விட்டு நகரவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. கோடையில் கலாங்க் மலைப்பக்கம் போவதென்றால் முதல் நாள் சாயங்காலமே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். காற்று பலமாக இருந்தால் காட்டுத்தீ பயத்தில் பாதையை மூடிவிடுவார்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போய், பாதிவழியில் காருக்குள்ளேயே சாப்பிட்டுத் திரும்பிய குடும்பங்கள் எங்கள் வட்டத்தில் நிறைய.