வலியைக் கேட்டறிந்த பின் வரும் நம்பிக்கை

முற்றிய புற்றுநோயோடு ஒருவர் படுத்திருக்கும் வீட்டில், அவரைத் தவிர மற்ற எல்லாரும் நம்பிக்கையோடு பேசுகிறார்கள். நோயின் பெயரை அவரிடம் சொல்லிவிட வேண்டாம் என்று மகன் மருத்துவரைத் தனியே சந்தித்துக் கேட்டுக்கொள்கிறார். பார்க்க வருபவர்கள் பழங்களை வைத்துவிட்டு, "ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள்" என்று கூறி விடைபெறுகிறார்கள். இவர்களில் எவரையும் நான் குறை கூற மாட்டேன். அன்புதான் அப்படிப் பேச வைக்கிறது. ஆயினும் அந்தப் பேச்சு நோயாளியின் வாயை அடைத்துவிடுகிறது. வலி தாங்க முடியவில்லை என்று சொன்னால் பிள்ளைகளின் மனம் உடைந்துவிடுமே என்று அஞ்சி, அவர் பற்களைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பழகிவிடுகிறார்.

என் பெரியம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் பரவிய பிறகு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று ஒரு மருத்துவமனையில் கூறி அனுப்பினார்கள். வீட்டிலோ, அடுத்த தைக்குள் எழுந்து நடப்பீர்கள் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒன்று கைவிரிப்பு, மற்றொன்று நம்பிக்கை. எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டிலும், எங்கே வலிக்கிறது, இரவில் தூங்க முடிகிறதா என்று அவரைக் கேட்பதற்கு இடமே இருக்கவில்லை. அதைக் கேட்டவர், பின்னர் வீடு தேடி வந்த, நோயைத் தீர்க்க முடியாதபோதும் வலியையும் துயரையும் தணிக்கும் ஆதரவு சிகிச்சையின் செவிலியர். அதன்பின் மருத்துவர் எழுதிக் கொடுத்த, கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தோம். அதனால் வரும் மலச்சிக்கலுக்கும் சேர்த்தே மருந்து தந்திருந்தார்கள். வலி அடங்கியதும் பெரியம்மா பேசத் தொடங்கினார். தனக்கு நாள் குறைவு என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார். மகளின் நகை அடகுக் கடையில் இருப்பதும், கடைசித் தங்கையோடு பல காலமாகப் பேச்சு இல்லாததுமே அவரை உறுத்திக்கொண்டிருந்தன. நகையை மீட்டோம், சின்னம்மா வந்து அருகில் அமர்ந்து, தலைவாரிப் பூ வைத்துவிட்டார். நோய் குணமாகும் என்ற எதிர்பார்ப்பு அகன்ற இடத்தில், நடக்கக்கூடிய சின்னச் சின்ன விருப்பங்கள் வந்து அமர்ந்தன. அவற்றை நம்பிக்கை என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை.

1967இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளுக்கெனப் புனித கிறிஸ்டோபர் காப்பகத்தைத் திறந்த மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், உடல் வலியோடு மனத்துயர், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் குறித்த கலக்கம் ஆகிய அனைத்தையும் ஒரே வலியின் கூறுகளாகக் கண்டார். அந்தப் பார்வை கோழிக்கோட்டில் 1993இல் வேர்பிடித்தது. மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் அங்கே தொடங்கிய பணி, பின்னாளில் கேரளத்தின் ஊர்தோறும் பரவியது. நோயாளியின் வீட்டுக்குச் செல்லவும், அரிசிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வழி செய்யவும் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்றார்கள். கேரள அரசு 2008இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தீராத நோய் என்று தெரிந்தே அந்த வாசல்களில் ஏறியவர்களைச் சோர்வுவாதிகள் என்று எவரால் சொல்ல முடியும்?

இந்தியாவில் இதற்கு இருந்த தடை மனத்தடை மட்டுமன்று. மார்ஃபினுக்கு மூலமான அபினை மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசின் உரிமத்தோடு பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் நாடு இது. அப்படியிருந்தும், 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடும் தண்டனைகளுக்கும், மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட பல உரிமங்களுக்கும் அஞ்சி, மருந்தகங்களும் மருத்துவமனைகளும் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டன. அந்த ஆண்டில் நூற்றுக்கணக்கான கிலோவாக இருந்த மருத்துவப் பயன்பாடு, 1997இல் வெறும் 18 கிலோவாகச் சரிந்தது. இவ்வளவு பெரிய நாட்டுக்கு 18 கிலோ! அந்த ஆண்டுகளில் இறந்துபோன புற்றுநோயாளிகளின் இரவுகளை நினைக்கும்போது, எல்லாம் நன்மைக்கே என்று சொல்ல என் நாவு எழவில்லை.

ஆனால், அந்த எண்ணைக் கண்டு கலங்கியவர்கள்தாம் அதை மாற்றப் புறப்பட்டார்கள். மருத்துவர்களும் தன்னார்வலர்களும் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளைச் சந்தித்து, மனு எழுதி, நீதிமன்றம் வரை சென்றதன் பயனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. பல உரிமங்களுக்குப் பதிலாக, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் ஒரே ஏற்பாட்டின்கீழ் மருந்தை வைத்திருக்க வழி பிறந்தது. தங்கை புற்றுநோயால் மடிந்ததைக் கண்ணால் கண்ட முத்துலட்சுமி ரெட்டியும் இவ்வாறு கலங்கியவரே. பல ஆண்டுகள் நன்கொடைக்கும் அரசின் ஆதரவுக்கும் போராடி, 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சென்று அளிக்கும் ஆதரவு சிகிச்சையும் அடங்கியுள்ளது. 2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் வலி நிவாரணமும் ஆதரவு சிகிச்சையும் இடம்பெற்றுள்ளன. அதைப் படித்தவர்கள் இப்போது மருத்துவர்களாகப் பணிக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். சட்டம் இடம் கொடுத்த பிறகும் மார்ஃபின் கிடைக்காத ஊர்கள் ஏராளம் உள்ளன என்பதை அறிந்துகொண்டே, இந்த இளைய மருத்துவர்களை நான் நம்புகிறேன்.