குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது

தென்காசிப் பக்கம் (தனி மாவட்டம் ஆன பிறகும் எங்களுக்கு அது திருநெல்வேலிதான்) குதிரையேற்றம் சொல்லித்தரும் ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளியில் வார்டனாக இருந்தேன். மணி அடிப்பது நான்தான், ஆனால் நேரத்தை முடிவு செய்தது லாயம். குதிரைக்கு இரைப்பை சின்னது, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை தின்ன வேண்டும், வாந்தி எடுக்கவும் முடியாது, அதனால் மொத்தமாகத் தீனி போட்டால் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆசையாக யாராவது கூடுதலாகக் கொள்ளு அள்ளி வந்தால் லாயத்து அண்ணாச்சி, "ஏ பிள்ள, அதுக்கு கக்கத் தெரியாது, பாசத்துல கொன்னுராத" என்பார். ஞாயிறு, தீபாவளி எதற்கும் லீவு இல்லை. நான் எழுப்பினால் போர்வையை இழுத்து மூடும் பிள்ளை, லாயத்து முறை வந்தால் ஐந்து மணிக்கே சாணி அள்ளப் போய்விடும். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருமே ஒரு காற்று, அதில் கூரைத் தகரம் தடதடக்க, குதிரைகள் மிரளும். ஊரே குற்றாலத்துச் சாரலைக் கொண்டாடும்போது எங்களுக்கு அது கஷ்டகாலம். ஜூனில் சேர்ந்த புதுப் பிள்ளைகளை அண்ணாச்சி அப்போது ஏறவே விடமாட்டார். குளம்பைத் தூக்கிப் பிடித்து, பின்னாலிருந்து நுனியை நோக்கிக் கொக்கியால் மண்ணைக் கிளற வேண்டும், நடுவிலுள்ள மெத்தென்ற இடத்தில் குத்திவிடக்கூடாது. முதலில் அதுதான் பாடம்.

வீட்டிலிருந்து வரும் போன்கள் தனிக் கதை. பிள்ளை வயசுக்கு வந்ததும் அம்மாக்கள் குரலை அடக்கிக் கேட்பார்கள்: "மிஸ், பின்னாடி பிரசவத்துக்கு ஒண்ணும் ஆகிராதே?" நான் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் கதையை எடுப்பேன். கர்ப்பமாக இருக்கும்போது 1944இல் போலியோ வந்தது, நல்லபடியாகப் பிள்ளை பெற்றார், முழங்காலுக்குக் கீழே செயலிழந்த நிலையிலேயே 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். அவர் வென்ற டிரெஸ்ஸாஜ் (குதிரையைப் பழக்கி நடத்திக் காட்டும் போட்டி) பிரிவில் பெண்களைச் சேர்த்ததே அந்த வருஷம்தான். சிலர் சமாதானமாவார்கள். சிலர், "அது வெள்ளக்காரி மிஸ்" என்பார்கள். மாதவிலக்கு நாளில் ஏறலாமா என்பதை மட்டும் நான் பிள்ளைகளிடமே விட்டுவிட்டேன், வலிப்பது அவர்களுக்குத்தானே.

பிளஸ் டூ முடித்துப் போகிறவள் தன் குதிரையைத் தேய்க்கும் பிரஷ்ஷை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒப்படைப்பாள், எங்கே தொட்டால் உதைக்கும் என்ற ரகசியத்தோடு. நிர்வாகம் இதையும் ஆண்டுவிழா மேடைக்குக் கொண்டுவந்தது. மேடையில் புதுப் பிரஷ்கள் ரிப்பனோடு கைமாறின. பழைய பிரஷ்களை முந்தின நாளே லாயத்தில் கொடுத்து முடித்திருந்தார்கள், என்னைக்கூடக் கூப்பிடவில்லை.