லாக்ஸ்டன்: வேலி இல்லாத வயல்கள்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன்னு ஒரு சின்ன ஊர். 1086-இல் இங்கிலாந்து முழுக்க எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பிலேயே பேர் இருக்கு. நார்மன் காலத்து மண்மேட்டுக் கோட்டையும் உண்டு, இப்போ புல் மூடிக் கிடக்கு. அதைவிட வயல்தான் விசேஷம்.

மற்ற ஊர்கள்ல 18, 19-ஆம் நூற்றாண்டுச் சட்டங்கள் பொதுவயலைத் துண்டாடி வேலி போட வச்சுது. இங்கே மூணு பெரிய வயல்கள் தப்பிச்சுது: மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். ஒவ்வொண்ணுக்குள்ளயும் பல குடியானவர்களுக்கு நீளநீளமான துண்டு நிலம். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூணாவது தரிசு. வருஷாவருஷம் முறை மாறும். முறையைத் தனியா மீற முடியாது.

வேலி இல்லாததால வம்பு எங்கே வரும்? உழும்போது ஏர் ஒரு சால் தள்ளிப் போனாலே பொதுப்பாதை மெலியும். அதனால நவம்பர் கடைசியில் ஊர் ஜூரி (குடியானவர்களே சேர்ந்த குழு) கோதுமை வயலைச் சுத்திப் பார்த்து, எல்லையில் முளை அடிக்கும். பாதையைத் தின்னவருக்கு ஒரு வாரம் கழிச்சு கோர்ட் லீட்ங்கிற ஊர் நீதிமன்றத்தில் அபராதம். தொகை அற்பம்தான், ஊர் முன்னாடி பேர் வாசிக்கிறதுதான் உறுத்தும்.

1635-இல் நில அளவையாளர் மார்க் பியர்ஸ் வரைஞ்ச வரைபடத்தில் துண்டு துண்டா எல்லாம் பதிவாகியிருக்கு. ஓரங்களில் ஏர் ஓட்டுறவங்க, வேட்டைக்காரங்க படம்கூட உண்டு. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் துண்டுகளைச் சேர்த்துப் பெருசாக்கினாங்க. 1952-இல் விவசாய அமைச்சகம் நிலத்தை வாங்கிச்சு. கோர்ட் லீட் இன்னும் கூடுது, ஊர் மதுக்கடையான பப்பில்.