மாதா திருவிழா நாள்களில் ஆச்சியைப் பற்றி

ஜூலை 26, 2025, சனி

கொடி ஏறிவிட்டது. தூத்துக்குடி பனிமய மாதா பெரிய கோயில் வளாகத்துக்குள் கால் வைக்க இடமில்லை. நானும் அம்மாவும் பீச் ரோட்டிலேயே நின்றுகொண்டோம். புறாக்களைப் பறக்கவிட்டார்கள், "மரியே வாழ்க" என்று கூட்டம் முழுக்க ஒரே குரல். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றாள். ஆச்சி இல்லாத முதல் திருவிழா. போன திருவருகைக் காலத்தில், கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். வயது எண்பத்தாறு.

இன்று புனித சுவக்கீன், அன்னம்மாள் திருநாளும்கூட. மாதாவைப் பெற்றவர்கள், அப்படியென்றால் சேசுவுக்குத் தாத்தாவும் ஆச்சியும். பைபிளில் இவர்கள் பெயர் வராது, ஆதித் திருச்சபையின் மரபு வழியாக வந்த பெயர்கள். எங்கள் ஆச்சிக்கு ஞானஸ்நானத்தில் வைத்தது அந்தப் புனிதையின் பெயரைத்தான். அதனால் கொடியேற்றம் அவளுக்கு நாமத் திருநாளாகவும் இருந்தது. காலை முதல் பூசைக்கே போய்விடுவாள். திரும்பி வந்ததும் எங்களை வரிசையாக நிற்கவைத்து நெற்றியில் சிலுவை போடுவாள். பெரியவள் ஆன பிறகும் எனக்கு அது நிற்கவில்லை. காலேஜ் போகிற அவசரத்தில் வாசலில் செருப்பு மாட்டும்போதுகூட, "ஏட்டி, நில்லு" என்று கூப்பிட்டுப் போட்டுவிடுவாள்.

இந்தத் திருவிழா முடியும்வரை அவளைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். முடிந்த நாள்களில் மட்டும்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று தாத்தா பாட்டிகளுக்கான உலக நாள். போப் பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்தியது, ஜூலை நான்காம் ஞாயிறு. அன்னம்மாள் திருநாளை ஒட்டி வரட்டும் என்றுதான் இந்த ஞாயிறு. பிரான்சிஸும் பாட்டி வளர்த்த பிள்ளை. ரோசா என்ற அந்தப் பாட்டி எழுதிக்கொடுத்த கடிதத்தைத் தன் ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருந்தார். பிணத்துக்குச் சுற்றும் துணியில் பை கிடையாது என்று பாட்டி சொல்வார் என, 2013 குருத்தோலை ஞாயிறு மறையுரையில் உலகத்துக்கே சொன்னார். ஆச்சிக்கு அதை வாசித்துக் காட்டியபோது, "சரியாத்தான சொல்லியிருக்கா அந்தக் கெழவி" என்றாள், ரோசா ஏதோ அடுத்த தெருவில் இருப்பது மாதிரி.

ஆச்சியின் ஜெபம் என்றால் ஜெபமாலை உருட்டிச் சொல்லும் ஐம்பத்துமூன்று மணி ஜெபம்தான். சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் பாய் விரித்துவிடுவாள். ஐம்பத்துமூன்று மணியில் தொடக்கத்தில் தனியாக மூன்று, பிறகு பத்துப் பத்தாக ஐந்து. ஆச்சிக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். ஒரு பத்து ஒரு பிள்ளையின் வீட்டுக்கு. பெரியம்மா, பெரிய மாமா, சின்ன மாமா, அம்மா, சித்தி என்று வயது வரிசை. முதல் மூன்று மணி, ஜெபிக்க ஆளில்லாத உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு, அதாவது மோட்சம் போகும் முன்னால் பாவக்கறை கழிய அங்கே காத்திருப்பவர்களுக்கு. தன் வீட்டுக்கு முன்னால் அவர்களுக்குத்தான். இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

நாங்கள் "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பிப்போம், அவள் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று பழைய மந்திரத்தைச் சொல்வாள். முடிக்கிற இடத்தில் எப்படியோ எல்லாரும் ஒன்றாக வந்து சேர்ந்துவிடுவோம்.

பழையதையே பிடித்துக்கொண்டு இருந்தவள் என்றும் சொல்ல முடியாது. 2002-இல் போப் இரண்டாம் ஜான் பால், ஜெபமாலை சொல்லும்போது தியானிக்க ஒளியின் மறையுண்மைகள் என்று ஐந்தைப் புதிதாகச் சேர்த்தபோது, அறுபது தாண்டிய வயதில் அதையும் படித்தாள். யோர்தானில் திருமுழுக்கு, கானாவூர்க் கல்யாணம், இறையாட்சி அறிவிப்பு, தோற்றம் மாறியது, நற்கருணை. ஐந்தையும் என்னைப் பெரிய எழுத்தில் எழுதவைத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். அந்தக் கோடு போட்ட தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. 'கானாவூர்' என்பதில் நான் விட்ட காலை யாரோ பென்சிலில் போட்டிருக்கிறார்கள். ஆச்சியாகத்தான் இருக்கும்.

ஜூலை 29, செவ்வாய்

தாத்தா தோணியில் இருந்தவர். இங்கிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் மரத்தோணி. கடைசி வரைக்கும் தோணியை நடத்தும் தண்டலுக்குக் கீழேதான் வேலை, தண்டல் ஆகவில்லை. தென்மேற்குக் காற்று பலமாக இருக்கும் மாதங்களில் தோணி ஓடாது. அதனால் மாதா திருவிழாவுக்கு எப்படியும் வீட்டில் இருப்பார். ஆச்சிக்குத் திருவிழா என்றால் சப்பரமும் ராட்டினமும் மட்டும் இல்லை, புருஷன் கரையில் இருக்கிற காலம்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்ததே, அப்போது தாத்தா கொழும்புப் பயணத்தில் இருந்தார். ஆச்சிக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், பெரியம்மாவும் பெரிய மாமாவும். 22-ஆம் தேதி ராத்திரி வீசிய காற்றில் இங்கேயும் ஓடு பறந்தது என்பாள். தனுஷ்கோடிக்குப் போன ரயிலையே கடல் கொண்டுபோய்விட்டது என்று சேதி வந்ததும் தெருவில் ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லையாம். கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகளுக்குச் சட்டை போட்டுப் பூசைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள். ஜெபமாலையைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை.

தாத்தா உயிரோடு வந்தார். கொழும்பில் சரக்கு இறக்குவது தாமதமானதில் தோணி துறைமுகத்தைவிட்டுக் கிளம்பவே இல்லை. "கூலி ஆள் கிடைக்காததாலதான் தப்பிச்சோம்" என்று தாத்தா சொல்வார். "அந்த ஆளக் கிடைக்காமப் பண்ணினது யாரு?" என்பாள் ஆச்சி. இந்தப் பேச்சை இருவரும் எங்கள் முன்னால் எத்தனையோ தடவை பேசியிருக்கிறார்கள், கோபமே இல்லாமல். தாத்தாவும் கோயிலில் மெழுகுதிரி ஏற்றாமல் இருந்தவர் இல்லை. தோணி ஏறும் முன்னால் ஒரு தடவை, இறங்கியதும் வீட்டுக்கு வராமலே ஒரு தடவை, மாதாவைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

அந்த நாள்களில் ஆச்சியின் விரல் இழுத்த இழுப்பில் ஜெபமாலைச் சங்கிலி அறுந்திருந்தது. தாத்தா உட்கார்ந்து மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பில் எல்லா மணியையும் கோத்துக்கொடுத்தார். மணிக்கு மணி தோணிக்காரர் முடிச்சு. அதற்குப் பிறகு அது அறுந்ததே இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனை புது ஜெபமாலை கொடுத்தாலும் வாங்கி முத்தம் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவாள். சாகும்போது கையில் சுற்றியிருந்ததும் அந்த நரம்பு ஜெபமாலைதான். பெட்டிக்குள் வைத்துவிடலாமா என்று பேச்சு வந்தபோது அம்மா வேண்டாம் என்றாள். நல்லவேளை.

ஜூலை 30, புதன்

ஆபீசில் வேலை அதிகம். கோயிலுக்குப் போக முடியவில்லை. ஒலிபெருக்கியில் மறையுரை மட்டும் மாடிவரைக்கும் கேட்டது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

முதல் வெள்ளி. திரு இருதயத்துக்கான நாள், ஆச்சி சின்னக் கோயிலுக்குப் போவாள். பூசை முடிந்து நேரே வீடு திரும்பமாட்டாள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி, பக்கத்தில் துவையல். உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டு, அவர்கள் கேட்டால் மட்டும் ஜெபம் சொல்வாள். கேட்காதவர்களிடம் சொல்லமாட்டாள்.

சின்ன மாமாவைப் பற்றி எழுதாமல் இந்தக் குறிப்பு முழுமையாகாது. மாமா கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். அத்தை இந்து. கோயிலில் கல்யாணம் நடக்கவில்லை என்பதில் தாத்தாவுக்கு மனசு உடைந்துபோனது. பல வருஷம் பேச்சு இல்லை. ஆச்சி தாத்தாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்று அம்மா சொல்கிறாள். ஆனால் மூன்றாம் பத்து நிற்கவே இல்லை. தினமும் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "மூணாம் பத்து என் சின்ன மவனுக்கும் அவன் பொஞ்சாதிக்கும்" என்று சத்தமாகச் சொல்லித்தான் தொடங்குவாள். தாத்தாவும் அந்தப் பத்துக்கு வாய் திறந்து பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஜெபத்தில் மௌனமாக இருக்க அவரால் முடியாது. பிறகு மாமாவுக்கு மகள் பிறந்தபோது தாத்தாவேதான் பெட்டியை எடுத்தார், "கெளம்பு" என்று.

அத்தையை மதம் மாறச் சொல்லி ஆச்சி ஒரு நாளும் கேட்டதில்லை. அத்தையின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றால் அந்த அம்மாவும் மூன்றாம் பத்துக்குள் வந்துவிடுவார். எனக்குத் தெரிந்த பக்தியில் இதைவிடப் பெரியது கிடையாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வீடு நிறைந்துவிட்டது. பெரியம்மா மட்டும் முட்டுவலியால் மதுரையிலிருந்து வரமுடியவில்லை. மற்ற எல்லாரும் வந்தாயிற்று. ராத்திரி ஜெபம் முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது சித்தி சாதாரணமாகச் சொன்னாள், ஈஸ்டர் சமயத்தில் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள் என்று. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. "ஏன் சொல்லல?" என்று அம்மா அதிர்ந்துபோய்க் கேட்டாள். "யாரும் கேக்கலையே" என்றாள் சித்தி. குறை சொல்லும் குரல் இல்லை, உள்ளதைச் சொன்னாள்.

அதுவரை எனக்குப் புரியாதது அப்போது புரிந்தது. ஜெபத்துக்கு முன்னால் ஆச்சி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடச் சொல்வாள். யாருக்குப் பரீட்சை, யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை போகிற மாதிரி இருக்கிறது, எந்த வீட்டில் புருஷனும் பொண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசவில்லை, எல்லாம் கேட்பாள். "ஆச்சி, தினமுமா?" என்று நான் சலித்துக்கொண்டால், "என்னன்னு தெரியாம மாதாட்ட என்னத்தச் சொல்லி கேக்க?" என்பாள். ஒரு வீட்டுச் செய்தி மறு வீட்டுக்குப் போனதே அந்தப் போன்களில்தான். குடும்பத்தை அவள் பிடித்துவைத்திருந்தது பாசத்தால் மட்டும் என்று நினைத்திருந்தேன். பாசம் எங்கள் எல்லாருக்கும்தான் இருக்கிறது. தினமும் உட்கார்ந்து விசாரிக்கிற வேலையை அவள் ஒருத்திதான் செய்தாள், அந்த வேலையைச் செய்யவைத்தது அவளுடைய ஜெபம்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமாக்கள் இதைப் பற்றியே பேசினார்கள். ஒரு வீடு ஒரு பத்தை எடுத்துக்கொள்வது, தன் வீட்டுக்கு இல்லை, தனக்கு அடுத்த வீட்டுக்கு. சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் ஜெபம். சித்தியின் வீடு பெரியம்மாவுக்கு. எங்களுக்கு வந்தது சித்தி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெருவிழா. மாவட்டத்துக்கே விடுமுறை, ஊர் மொத்தமும் பெரிய கோயிலைச் சுற்றித்தான். மணிலாவிலிருந்து 1555-இல் கப்பலேறி வந்த சொரூபம் என்று ஊர் வழிவழியாகச் சொல்லும் மாதாவை, சாயங்காலம் பவனியில் பார்த்தோம். 2013-இல் கோயிலின் முந்நூறாவது ஆண்டுக்குத் தங்கத்தேர் இழுத்தபோது ஆச்சிக்கு வடம் தொடக் கிடைத்தது. 2023-இல் மறுபடி தேர் ஓடியபோது நடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள்.

ஆகஸ்டில் ரோமில் பனி பெய்த கதையை அவள் சொல்லக் கேட்கவேண்டும். நாலாம் நூற்றாண்டில், நல்ல வெயில் காலத்தில், எஸ்குலின் குன்றின்மேல் மட்டும் பனி விழுந்தது, அது காட்டிய இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழும்பியது என்பது மரபு. ரோமின் மேரி மேஜர் பசிலிக்கா நிற்பது அந்தக் குன்றில். ஆகஸ்ட் 5 அன்று அங்கே உள்கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைக் கொட்டுவார்கள். பனியே பார்க்காத எங்கள் ஊருக்கு அந்தப் பெயரில் மாதா.

போப் பிரான்சிஸ் தன் பயணங்களுக்கு முன்னும் பின்னும் அந்தப் பசிலிக்காவுக்குப் போய் மாதா படத்தின் முன் உட்கார்ந்துவிட்டு வருவார். தோணிக்காரர் வழக்கம்தான் அதுவும். ஏப்ரலில் அவரைப் புதைத்ததும் அங்கேதான், வத்திக்கானில் இல்லை. வெறும் தரையில், பெயர் மட்டும் வெட்டிய எளிய கல்லறை. இந்தச் செய்தி வந்தபோது ஆச்சி இல்லையே என்று அம்மாவிடம் புலம்பினேன். ஊர் முழுக்கச் சொல்லிவந்திருப்பாள், "போப்பாண்டவர் நம்ம மாதா காலடிக்கு வந்துட்டார்" என்று.

சின்ன மாமாவும் அத்தையும் இன்று ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பினார்கள். போகும் முன்னால் மாமா என்னைக் கூப்பிட்டு, ஆச்சி சொன்ன பழைய மந்திரம் முழுவதையும் எழுதித்தரச் சொன்னார். அந்த மெட்டில்தான் அவருக்கு ஜெபம் வருகிறதாம். நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். பாதிக்கு மேல் அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மதுரைக்குப் போன் போட்டோம். பெரியம்மா ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்ல, நான் எழுத, வாசலில் ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. எழுதி முடித்ததும் பெரியம்மா போனை வைக்கவில்லை. "சித்திக்குத் தையல் போட்ட எடம் எப்படி இருக்குன்னு கேட்டியா?" என்றாள்.